வெள்ளைக் கட்டத்துக்குள்ளதான் நின்னுச்சு வண்டி

அந்தச் சின்ன விமான மைதானத்துல பவுசரக்காவைத் தெரியாதவங்க யாரும் கிடையாது. பவுசர்னா வேற ஒண்ணுமில்ல, விமானத்துக்குப் பெட்ரோல் போடுற டேங்கர் வண்டி. பதினாலு வருஷமா அதை ஓட்டுறது அக்காதான். பெரிய ஊர் மாதிரி அங்க டவரு, மைக்குன்னு எதுவும் இல்ல. ஒரு ஓடுதளம், ரெண்டு தகரக் கொட்டகை, நாலு குட்டி விமானம், அதுல ஓட்டக் கத்துக்க வர்றவங்க, அவ்வளவுதான்.

விமானம் ஆகாசத்துல போய் இடிச்சுக்கும்னுதான் நாம பயப்படுறோம். ஆனா அந்தச் செவ்வாய்க்கிழமை இடிச்சது தரையில. அதுவும் ஒரு ஆள் வேகமா நடக்குற வேகத்துல.

நடந்தது இதுதான். கொட்டகைக்கு முன்னாடி பவுசர் நிக்கறதுக்குன்னே சிமெண்ட் தரையில ஒரு வெள்ளைக் கட்டம் போட்டிருக்கும். அக்கா வழக்கம்போல அதுக்குள்ள வண்டிய நிறுத்திட்டு, எறங்கிக் குழாயைச் சுருட்டிக்கிட்டு இருந்தாங்க. பறந்துட்டு எறங்கி வந்த ஒரு விமானம், தரையில வழிகாட்டப் போட்ட மஞ்சள் கோட்டைப் புடிச்சுக்கிட்டு உருண்டு வந்துச்சு. பத்து நாளைக்கு முன்னாடி வாங்கின புது விமானம் அது. மத்ததைவிட றெக்கை ஒவ்வொரு பக்கமும் ரெண்டடி நீளம். உள்ள இருந்தது கேப்டனும், அவர்கிட்ட ஓட்டக் கத்துக்கிற பல் டாக்டரம்மாவும். கேப்டன்தான் அங்க தலைமை வாத்தியார். அவர் சொன்னா அங்க ரெண்டாவது பேச்சே இல்ல.

டமார்!

றெக்கை நுனி வந்து பவுசரோட ஏணியில அடிச்சு, விமானம் அப்படியே பாதி திரும்பி நின்னுச்சு. இஞ்சின் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. டேங்கர்ல ரெண்டாயிரம் லிட்டர் பெட்ரோல். அக்கா யோசிச்சுக்கிட்டு நிக்கல. ஒரே தாவு, வண்டில ஏறி, விருட்டுனு ஓட்டிட்டுப் போய் நூறடி தள்ளி நிறுத்திட்டாங்க. தீ கீ புடிச்சா என்ன ஆகறது?

அங்கதான் மாட்டிக்கிட்டாங்க.

எறங்கி வந்த கேப்டன் முதல் வார்த்தையே, “வண்டிய கோட்டுக்கு வெளியில நிறுத்தியிருக்கு இந்தம்மா! நான் மஞ்சள் கோட்டுமேலதான் வந்தேன்!”

“சார், கட்டத்துக்குள்ளதான் நின்னுச்சு சார்.”

“எங்க நின்னுச்சு? காட்டு பாப்போம்.”

எங்க காட்டறது? வண்டியத்தான் எடுத்தாச்சே! டாக்டரம்மா பாவம், குனிஞ்சு நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்களும் பாக்கல. மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி. அன்னைக்கு சாயங்காலமே அக்காவோட பாஸைக் கழுத்துலேர்ந்து கழட்டி வாங்கிட்டாங்க. அந்தப் பாஸ் இல்லாம உள்ள வண்டி ஓட்ட முடியாது. வியாழக்கிழமை விசாரணை அதிகாரி வருவாரு, அவர் எழுதறதுதான் முடிவுன்னு சொல்லிட்டாங்க. அவர் அக்கா மேல தப்புன்னு எழுதிட்டா, இங்க மட்டுமில்ல, எந்த மைதானத்துலயும் அக்கா இனிமே ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

புதன்கிழமை ராத்திரி பூரா அக்கா பொரண்டு பொரண்டு படுத்தாங்க. பக்கத்துல வீட்டுக்காரர் நிம்மதியா கொறட்டை. அவர் தபால்காரர், இருபத்திரெண்டு வருஷ சர்வீசு. படுத்தா எழுப்ப ஆள் வேணும்.

வியாழக்கிழமை காலையில அவர்தான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டாரு. வழி பூரா வாய் ஓயல.

“நீ எதுக்குப் பயப்படுற? உண்மைய சொல்லு. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்.”

“மடியில கனம் இல்ல, எதுத்தாப்புல கேப்டன் இருக்காரே.”

“கேப்டன்னா என்ன, கொம்பா மொளைச்சிருக்கு?”

இப்படிப் பேசிக்கிட்டே தெரு முக்கு வந்துச்சு. பேங்குக்கு முன்னாடி ரோட்டுல வருஷக்கணக்கா ஒரு பள்ளம். ஸ்கூட்டர் லேசா இடது பக்கம் வளைஞ்சு, பள்ளத்தைச் சுத்தி, திரும்ப நேரா வந்துருச்சு. அக்கா தோளைப் புடிச்சு உலுக்கினாங்க.

“ஏங்க, இப்ப எதுக்கு வளைச்சீங்க?”

“யாரு, நானா? எப்போ?”

“இப்பத்தான்! பள்ளத்தைச் சுத்தி வந்தீங்களே!”

“எந்தப் பள்ளம்? நேராத்தானே வர்றேன்.”

“நிறுத்துங்க வண்டிய!”

மனுஷன் பதறிப்போய் நிறுத்தினாரு. அக்கா எறங்கி, “திரும்பிப் போய், மறுபடி வாங்க, நான் பாக்கறேன்”னாங்க.

“விசாரணைக்கு நேரமாச்சு, இங்க சர்க்கஸ் காட்டச் சொல்ற!”

முனகிக்கிட்டே திரும்பிப் போனாரு, வந்தாரு. கண்ணை உருட்டி ரோட்டைப் பாத்துக்கிட்டே நேரா வந்தாரு, நேரா அந்தப் பள்ளத்துக்குள்ளயே எறங்கிட்டாரு. லொடக்! தொப்பி பறந்து சாக்கடை ஓரம் விழுந்துச்சு.

“பாத்தியா, நேராத்தான் வந்தேன்”ன்னு தொப்பியத் தட்டிக்கிட்டே சொன்னாரு. அக்காவுக்குச் சிரிக்கக்கூட நேரமில்ல. மனசு அதுக்குள்ள மைதானத்துக்குப் போயிருச்சு. ஏன்னா அங்க, மஞ்சள் கோட்டு மேலயே, வெள்ளைக் கட்டத்துக்குச் சரியா எதுத்தாப்புல, ஒரு சாக்கடை மூடி இருக்கு!

வட்டமான இரும்பு மூடி. புதுசா சிமெண்ட் போட்டப்ப சரியா உக்காரல, ரெண்டு வெரக்கடை தூக்கிக்கிட்டு நிக்கும். ஒரு பக்கம் மழைத்தண்ணி வாய்க்கா, கரையெல்லாம் சேறு. அந்தப் பக்கம் யாரும் ஒதுங்க மாட்டாங்க. ஒதுங்கினா இந்தப் பக்கம்தான், பவுசர் நிக்கற பக்கம்.

உள்ள போனதும் அக்கா ஓடிப்போய் அங்க குனிஞ்சு பாத்தாங்க. மஞ்சள் கோடு மத்த இடத்துலயெல்லாம் சக்கரம் ஏறி ஏறி வெளிறிப்போய்க் கிடக்கு. மூடிக்கு முன்னாடி ஆறடி, பின்னாடி ஆறடி மட்டும் நேத்துதான் பெயிண்ட் அடிச்ச மாதிரி பளிச்சுனு இருக்கு!

விசாரணை அதிகாரி பத்து மணிக்கு வந்தாரு. ஒல்லியான மனுஷன். கையில கருப்புக் குடை, அளக்குற டேப்பு, கழுத்துல கேமரா. யாரையும் நிமிந்து பாக்காம எழுதிக்கிட்டே இருக்கற ஆளு. அவர்கிட்ட அக்கா மூச்சு வாங்கச் சொன்னாங்க.

“சார், இங்க வர்ற விமானம் எல்லாமே இந்த மூடியச் சுத்தித்தான் போகுது சார். அவங்களுக்கே தெரியாது. பழைய விமானத்துக்கு றெக்கை குட்டை, அதனால இத்தனை வருஷம் தப்பிச்சுது. இது நீள றெக்கை. நான் கட்டத்துல நிக்கறப்ப இது வந்ததும் அன்னைக்குத்தான் முதல் தடவை.”

பக்கத்துல நின்ன கேப்டன் கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. “இருபதாயிரம் மணி நேரம் பறந்திருக்கேன் சார். ஒரு சாக்கடை மூடிக்கு நான் சலாம் போட்டுட்டுப் போறேனாம்!”

“கோட்டைப் பாருங்க சார், இந்த இடத்துல மட்டும் தேயவே இல்ல!”

“போன மாசம் அங்கங்க தொட்டு அடிச்சாங்க. அதுதான் இது”ன்னாரு கேப்டன். அடிச்சாங்களா இல்லையான்னு யாருக்கும் ஞாபகமில்ல.

அதிகாரி குடைநுனியால மூடியைத் தட்டிப் பாத்தாரு. டங். “சரி. வாய்ல சொன்னா நான் எழுத முடியாது. மீதி மூணு விமானத்தையும் இங்க ஓட்டிப் பாத்துருவோம்”ன்னாரு.

சக்கரம் எங்க போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அக்கா, “பவுடரைத் தூவலாம்”னாங்க. பக்கத்துல நின்ன விமான மெக்கானிக் தலையில அடிச்சுக்கிட்டாரு. “அக்கா, விமானத்துக்கு மூக்குலயே காத்தாடி இருக்கு. பவுடரு நேரா உங்க மூஞ்சிக்குத்தான் வரும்.” அப்புறம் அவரே ஓடிப்போய், டயர் டியூபுக்குத் தடவுற வெள்ளைப் பவுடரை ஒரு டின்னு எடுத்துட்டு வந்து, பக்கெட்டுத் தண்ணில கூழு மாதிரி கரைச்சாரு. மூடிக்குப் பத்தடி இந்தப் பக்கம் ஒரு பட்டை, அந்தப் பக்கம் ஒரு பட்டைன்னு குறுக்கால ஊத்தியாச்சு. சக்கரம் அதுல ஏறினா, போற வழியெல்லாம் வெள்ளையா கோடு போட்டுக்கிட்டே போகும்.

மைதானமே கூடிருச்சு. ஆபீஸ்ல டைப் அடிக்கிறவங்க, காவலாளி, டாக்டரம்மா, எல்லாரும் கொட்டகை நிழல்ல வரிசையா நிக்கறாங்க. கிரிக்கெட் மேட்ச் கணக்கா! மெக்கானிக் அக்கா காதுல, “மூணுல ரெண்டு வளைஞ்சாப் போதும்கா, கப்பு நமக்குத்தான்”ன்னாரு.

முதல் விமானம் வந்துச்சு. உறுமிக்கிட்டு, ஆடி ஆடி. வெள்ளைக் கூழுல ஏறி... நேரா! மூக்குச் சக்கரம் மூடி மேலயே ஏறுச்சு. டணால்!

“பரவால்ல, பரவால்ல”ன்னாரு மெக்கானிக்.

ரெண்டாவது. அதுவும் நேரா. டணால்!

மெக்கானிக் அந்த மூடியவே மொறைச்சுப் பாத்தாரு.

மூணாவது, கேப்டன். நூல் புடிச்ச மாதிரி வர்றாரு மனுஷன்! மஞ்சள் கோட்டை விட்டு ஒரு வெரக்கடை நகரல. டணால்! ஜன்னல் வழியா அக்காவைப் பாத்து ஒரு சல்யூட் வேற.

அதிகாரி டேப்பைச் சுருட்டினாரு. நோட்டைத் திறந்து பேனா மூடியக் கழட்டினாரு. “வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

அக்காவோட பதினாலு வருஷம் ஒரு நிமிஷத்துல போகப்போகுது. கண்ணு முன்னால இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: ஜன்னல்ல பாத்த கேப்டன் மூஞ்சி. கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, பல்லைக் கடிச்சுக்கிட்டு... இந்த மூஞ்சிய எங்கயோ பாத்திருக்கோமே? காலையிலதான் பாத்தோம்! ரெண்டாவது தடவை ஸ்கூட்டர்ல வந்தப்ப வீட்டுக்காரர் மூஞ்சியும் இதேதான்!

போட்டோ புடிக்கிறேன்னு சொன்னா, எவன் தலைய வாராம வந்து நிப்பான்?

அக்கா அதிகாரி பக்கத்துல போய்க் கிசுகிசுன்னு சொன்னாங்க. “சார், தயவுசெஞ்சு ஒரு டீ குடிக்கிற நேரம். சோதனை முடிஞ்சுபோச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. கார்ல ஏறிப் போற மாதிரி போய், கொட்டகைக்குப் பின்னாடி நின்னுக்கோங்க. இன்னைக்கு மூணு பேருக்கும் வகுப்பு இருக்கு, எப்படியும் எல்லாரும் இந்த வழியாத்தான் வெளியில போகணும். கண்ணு மட்டும் இங்க இருக்கட்டும் சார். அதுக்கப்புறம் நீங்க என்ன எழுதினாலும் நான் வாயத் திறக்க மாட்டேன்.”

அந்த மனுஷன் முதல் தடவையா நிமிந்து அக்காவைப் பாத்தாரு. பேனாவை மூடினாரு. அப்புறம் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, “சோதனை முடிஞ்சது! அவங்கவங்க வேலையப் பாக்கலாம்!”ன்னு சத்தமா சொல்லிட்டு, குடையை விரிச்சுக்கிட்டு காருக்கு நடந்தாரு. நடிப்புல கூட சுத்தம். கார் கதவை டம்முனு சாத்தி, வண்டியக் கெளப்பி, கொட்டகைய ஒரு சுத்து சுத்திப் பின்னாடி நின்னுட்டாரு.

கூட்டம் கலைஞ்சுது. கேப்டன் அக்கா பக்கத்துல வந்து கொஞ்சம் குரலைத் தணிச்சு, “எனக்கு ஒண்ணும் உன்மேல விரோதம் இல்லம்மா. நடந்ததைத்தான் சொன்னேன்”ன்னாரு. அவர் மனசாரத்தான் சொன்னாரு, அது அக்காவுக்கும் தெரிஞ்சுது.

“சரிங்க சார். இந்த வெள்ளையக் கழுவி விட்டுட்டுப் போறேன்.”

“செய், செய்.”

அக்கா பக்கெட்டைத் தூக்கினாங்க. கழுவறேன்னு பேரு. மூடி மேல கிடந்த நேர்த் தடத்தை மட்டும் தொடைச்சு எடுத்தாங்க. மீதி இருந்த கூழு அத்தனையும் அதே பட்டை மேல ஊத்தி வெளக்குமாத்தால நல்லா இழுத்து விட்டாங்க. மெக்கானிக் ஓடி வந்து, “அக்கா, என்ன பண்றீங்க, இன்னும் வெள்ளையால்ல ஆகுது!”ன்னாரு.

“வாயப் பொத்திக்கிட்டு அந்தத் தூணு பக்கம் நின்னு பாரு.”

இஞ்சின் சத்தம் கெளம்புச்சு. முதல் விமானம் கொட்டகையிலேர்ந்து வெளியில வருது. ஓட்டுறவரு ஒரு கையால சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே வர்றாரு. விமானத்தைத் தரையில திருப்பறது கையால இல்ல, காலால. மிதிகட்டைய மிதிச்சா மூக்குச் சக்கரம் திரும்பும். அக்கா வெளக்குமாத்தைப் புடிச்சுக்கிட்டு அவர் சக்கரத்தையே பாக்கறாங்க.

கூழுல ஏறுச்சு. மூடிக்கு ஏழடி இருக்கும்போது... லேசா, ரொம்ப லேசா... வளைஞ்சுச்சு!

மூடியச் சுத்தி, வெள்ளைக் கட்டத்துப் பக்கமா ஒதுங்கி, பாம்பு மாதிரி ஒரு வளைவு போட்டு, திரும்பக் கோட்டுக்கு வந்து, போயிருச்சு. டணாலும் இல்ல ஒண்ணுமில்ல. தரையில வெள்ளையா அழகா ஒரு வளைவு!

தூணு பக்கத்துலேர்ந்து, “ஒண்ணு!”ன்னு ஒரு அமுக்கின சத்தம் வந்துச்சு.

ரெண்டாவது விமானம். ஓட்டுறவரு பாட்டு முணுமுணுக்குறாரு போல, தலை ஆடுது. மூடி வந்துச்சு. வளைஞ்சுச்சு!

“ரெண்டு! அக்கா, ரெண்டுக்கா!” மெக்கானிக் தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் குதிக்கிறாரு.

“கத்தாதடா, கெடுத்துறாத!”

மூணாவது. கேப்டன், பக்கத்துல டாக்டரம்மா. கேப்டன் கையை ஆட்டி ஆட்டி என்னமோ வெளக்கிச் சொல்லிக்கிட்டு வர்றாரு. எப்படி எறங்கணும், எப்படி மூக்கைத் தூக்கணும்னு பாடம். கண்ணு ரெண்டும் டாக்டரம்மா பக்கம். ரோட்டைப் பாக்கவே இல்ல. ஆனா காலு? காலு தன் பாட்டுக்கு வேலை செய்யுது. மூடிக்கு ஏழடி முன்னாடி அழுத்துச்சு பாருங்க ஒரு அழுத்து! மூணு பேர்லயும் பெரிய வளைவு அவரோடதுதான்!

“நிறுத்து! நிறுத்து!”

கொட்டகைக்குப் பின்னாலேர்ந்து அதிகாரி ஓடி வர்றாரு. குடை ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். அந்த ஒல்லி ஒடம்புல அவ்வளவு வேகம் எங்க இருந்துச்சோ! விமானத்துக்கு முன்னாடி தள்ளி நின்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்காப் போட்டுக் காட்டினாரு. கேப்டன் சட்டுனு இஞ்சினை அணைச்சாரு. காத்தாடி நின்னுச்சு. கதவைத் திறந்துக்கிட்டு எறங்கினாரு.

“என்ன சார்? என்ன ஆச்சு?”

“ஏன் வளைச்சீங்க?”

“யாரு, நானா? எப்போ?”

அக்கா, குபீர்னு வந்த சிரிப்பை முந்தானையால வாயைப் பொத்தி அடக்கிக்கிட்டாங்க. அச்சு அசலா வீட்டுக்காரர் குரல்!

அதிகாரி குடையால தரையைக் காட்டினாரு. மூணு வெள்ளை வளைவு. ஒண்ணு மேல ஒண்ணு, ஒரே இடத்துல ஆரம்பிச்சு, ஒரே இடத்துல முடியுது. நடுவுல மூடி மட்டும் கருப்பா, பத்திரமா உக்காந்திருக்கு. கேப்டன் அதைப் பாத்தாரு. குனிஞ்சு விரலால வெள்ளையத் தொட்டுப் பாத்தாரு. தன்னோட சக்கரத்தைத் திரும்பிப் பாத்தாரு. அந்த மூஞ்சிலேர்ந்து கேப்டன் எல்லாம் எறங்கிப்போய், ஒரு சாதாரண அம்பது வயசு ஆளுதான் அங்க நின்னாரு.

“நான்தான் சார்”னாரு மெதுவா. “சிமெண்ட் போட்ட வருஷம், ஒரு பையன் இதுல வேகமா ஏத்தி மூக்குச் சக்கரத்தையே உடைச்சுட்டான். அதுலேர்ந்து வர்றவங்களுக்கெல்லாம், மூடிய ஒதுங்கிப் போங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்ததே எனக்கு மறந்துபோச்சு சார்.”

டாக்டரம்மா ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாத்து, “ஆமா சார், முதல் வகுப்புலயே எனக்கும் சொன்னீங்களே!”ன்னாங்க.

“அதை செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா!”ன்னாரு மெக்கானிக்.

“யாரு கேட்டாங்க?”

அதிகாரி டேப்பை விரிச்சு மூக்குச் சக்கரத் தடத்தை அளந்தாரு. கோட்டுலேர்ந்து மூணடி தள்ளி. விமானம் கோட்டு மேலயே வந்தா, அன்னைக்கு வந்த நீள றெக்கைக்கும் கட்டத்துக்கும் நடுவுல இருக்கற இடம் ரெண்டே அடி. ஆக மொத்தம் றெக்கை கட்டத்துக்குள்ள ஒரு அடி நுழைஞ்சிருக்கு. வண்டி வெளியில வந்து நிக்கவே வேணாம், உள்ள இருந்தாலே இடிக்கும்! அவர் போட்டோ எடுத்துக்கிட்டே, “இந்தக் கட்டத்தை இவ்வளவு பக்கத்துல வரைஞ்ச புண்ணியவான் யாரு?”ன்னாரு. ஆடு திருடின கள்ளன் மாதிரி எல்லாரும் முழிக்கிறாங்க.

அப்புறம் அக்கா பக்கம் திரும்பினாரு.

“அடிச்சதும் வண்டிய ஏன் எடுத்தீங்க? அங்கயே விட்டிருந்தா அன்னைக்கே உங்க பக்கம் தெளிவாயிருக்குமே.”

“ரெண்டாயிரம் லிட்டர் சார். உள்ள ரெண்டு பேரு இருந்தாங்க.”

அவர் அதை அப்படியே நோட்டுல எழுதினாரு, ஒரு வார்த்தை மாத்தாம. எழுதி அடியில கோடும் போட்டாரு.

கேப்டன் ஆபீசுக்குள்ள போனாரு. திரும்பி வரும்போது கையில அக்காவோட பாஸ். குடுத்துட்டு, “செவ்வாய்க்கிழமை நீ வண்டிய எடுக்காம இருந்திருந்தா...”ன்னு ஆரம்பிச்சு, முடிக்க முடியல. கடைசில, “அந்தச் சல்யூட்டுக்கு மன்னிச்சுரும்மா”ன்னாரு.

“பரவால்ல சார். ஆனா அந்த மூடிய இன்னைக்கே இறக்கிருங்க.”

“இன்னைக்கே. கட்டத்தையும் தள்ளிப் போட்டுருவோம்.”

மெக்கானிக் அதுக்குள்ள பவுசர் சாவிய எங்கேர்ந்தோ கொண்டாந்து அக்கா கையில திணிச்சுட்டாரு. “ஏறுங்கக்கா! ரெண்டு நாளா இவனுங்க வண்டிய ஓட்டுறேன்னு கியரைக் கிழிச்சுட்டானுங்க!” அக்கா பாஸைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஏறி உக்காந்து ஸ்டியரிங்கைப் புடிச்சாங்க.

சாயங்காலம் வீட்டுக்காரர் மைதானத்து கேட்டு வாசல்ல ஸ்கூட்டரோட நின்னாரு. கழுத்துல பாஸைப் பாத்ததும் மனுஷன் ஸ்டாண்டு போடாமயே எறங்கப் பாத்து, வண்டியோட சாஞ்சு, காவலாளி வந்து புடிச்சு நிறுத்துற மாதிரி ஆகிப்போச்சு.

“நான் சொல்லல? மடியில கனம் இல்லன்னா... சரி, எப்படி ஜெயிச்ச? முழுசா சொல்லு!”

“எல்லாம் உங்களாலதான்.”

“என்னாலயா? நான் என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணல. அதாலதான்.”

“புதிர் போடாத, சொல்லு!”

அக்கா பின்னாடி உக்காந்துக்கிட்டு முதல்லேர்ந்து சொல்ல ஆரம்பிச்சாங்க. அவர் நடு நடுவுல, “அப்படிப் போடு!”, “அந்த ஆளு மூஞ்சி எப்படிப் போச்சு?”ன்னு திரும்பித் திரும்பிக் கேட்டுக்கிட்டே ஓட்டுறாரு. தெரு முக்கு வந்துச்சு. பேங்கு வந்துச்சு. அக்கா சட்டுனு பேச்சை நிறுத்தி, அவர் தோளுக்கு மேல எட்டிப் பாத்தாங்க.

“ஏன் நிறுத்திட்ட? அந்தக் கேப்டன் எறங்கினாரு, அப்புறம்?”

ஸ்கூட்டர் லேசா இடது பக்கம் வளைஞ்சு, பள்ளத்தைச் சுத்தி, நேரா வந்துச்சு.

அக்கா பாஸை ஒரு கையால புடிச்சுக்கிட்டு, “அப்புறம் அவர் கேட்டாரு, ‘யாரு, நானா? எப்போ?’ன்னு”ன்னாங்க.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. “கூறுகெட்ட மனுஷன்! தான் எப்படி ஓட்டுறோம்னுகூடவா தெரியாது ஒரு ஆளுக்கு?”